ஈசானி மூலைக் கால்

வரும் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம்.

அதற்குள் பந்தக்கால் நட்டாக வேண்டும். அடுத்து வரும் புதன்கிழமையை விட்டு அதற்கடுத்த புதன்கிழமை மீனம்மாவுக்குக் கல்யாணம். அவள் அப்பா இருளாண்டி, வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடப்பாரையால் ஓர் இடத்தில் தட்டினான். தள்ளிப்போய் இன்னோர் இடத்தில் தட்டினான். ஒரே சத்தம்தான். மேலே ஒரு சாண் செம்மண். கீழே பாறை.

தோட்டத்துக் கூலிகளின் லய வீடுகளை இந்த மேட்டுக்கு மாற்றி அதிக நாள் ஆகவில்லை. பழைய லயங்கள் ரப்பர் காட்டின் ஓரங்களில் சிதறிக் கிடந்தன. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அங்கிருந்து சோறு போகிறது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொன்னது. எல்லாக் குடும்பங்களையும் புகைக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட உத்தரவு வந்தது. அலோர் காஜா சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் மொட்டை மேடு அது. வெள்ளைக்காரத் துரைகள் ஒருவருக்குப் பின் ஒருவராக வந்தும் அதில் ஒரு ரப்பர் கன்றுகூட நடவில்லை. எதுவும் நட முடியாத இடம் என்பதால்தான் அது காலியாக இருந்தது.

பால் வெட்டிலிருந்து பிரித்து வேலி வேலைக்கு விட்ட ஆட்களில் இருளாண்டியும் ஒருவன். வேலிக்கால்கள் இடுப்பளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது உத்தரவு. ஆற்றோர மண்ணில் அது ஒரு வேலையே இல்லை. இங்கே ஒரு குழி ஒரு பகலைத் தின்றது. கடப்பாரைகளின் முனை மழுங்கி, காய்ச்சி அடிக்கப் போய், திரும்பி வந்து, மறுபடியும் மழுங்கின. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்த இடத்திலேயே அடுத்த கொப்புளம் வந்தது.

இருளாண்டியின் வீடு கடைசி வரிசையில் கடைசி. வேலியின் மூலை அவன் வீட்டுக்கு ஈசானி மூலையில் விழுந்தது. அந்தக் குழியை அவனே எடுத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் குழி இடுப்பளவு ஆழத்தைத் தொட்டபோது, குழிக்குள் உட்கார்ந்து ஒரு சுருட்டு பிடித்தான்.

அவன் மனைவி வேலாயி வந்து குழியின் ஓரத்தில் நின்றாள்.

"இந்தக் குழி இருக்குல்ல," என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சுருட்டை அணைத்தான்.

"இது கவர்மெண்டு குழி, வேலாயி."

"தோண்டுனது நீங்கதான?"

அவன் மேலே ஏறி வந்தான். வேலாயி சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பந்தக்கால் ஈசானி மூலையில்தான் நிற்க வேண்டும். குழி அங்கேதான் இருந்தது. வெள்ளியை விட்டால் கல்யாணத்துக்கு முன் நல்ல நேரம் இல்லை. சொந்தத்துக்கு ஒரு குழி வெட்ட லீவு கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு பகலில் பாறை விடாது.

இன்னொன்றும் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தம்புசாமி, கோலா சுங்கை பாரு பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டல். சகுனம் பார்ப்பவர். மூத்த மகனுக்குப் பரிசம் போட்ட இடத்தில் காமாட்சி விளக்கு அணைந்தது என்பதற்காக வெற்றிலைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர். மீனம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் வரும் சாலையில் காட்டு ஆட்கள் ஒரு பஸ்ஸை எரித்த வாரம். இன்னொன்று ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இது மூன்றாவது.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, மூன்று பெண்கள் வரவில்லை. மூவருக்கும் காய்ச்சல் என்று கங்காணியிடம் சொல்லியனுப்பினார்கள். காய்ச்சல்காரிகள் மூவரும் தலைகுளித்துப் பூ வைத்துக்கொண்டு குழியைச் சுற்றி நின்றார்கள்.

பந்தக்காலுக்குப் பால் வடியும் மரம் வேண்டும். தோட்டத்தில் அதற்குக் குறைவில்லை. ஒரு ரப்பர்க் கிளையை ஒடித்து, மாவிலையோடு சேர்த்து வேலிக்காலின் தலையில் கட்டினார்கள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து கிளைக்குக் கீழே கட்டினார்கள். மாடுகளைப் பழைய லயத்திலேயே விற்றாகிவிட்டது. ஆகவே டின் பாலைக் கரைத்துக் குழியில் ஊற்றினார்கள். நவதானியத்தில் நாலு தானியம்தான் கிடைத்தது. மற்றதற்கெல்லாம் ஈடாக வேலாயி அரிசியைக் கூட்டிப் போட்டாள். பங்கீட்டு அரிசி. இரண்டு கை நிறைய.

"கவர்மெண்டே கால் குடுத்துக் கல்யாணம் பண்ணி வைக்குதுலா," என்றாள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா. "நம்ம புள்ளைங்களுக்கு இந்த யோகம் இல்ல."

சிரித்தார்கள். மீனம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள்.

ராகுகாலத்துக்கு முன்பே கால் நின்றுவிட்டது. இருளாண்டி கல்லையும் மண்ணையும் போட்டு இடித்தான். வேலாயி காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தாலி ஏறுற வரைக்கும் இத அசைக்கக் கூடாது," என்றாள்.

யார் அசைக்கப் போகிறார்கள் என்று அவன் நினைத்தான்.

திங்கட்கிழமை போலீஸ் துரை வேலியைப் பார்க்க வந்தார். கூடத் தோட்ட ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணியார் அருளம்பலம் நடந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எவ்வளவு வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றாதவர். துரை ஒவ்வொரு காலையும் கையால் அசைத்துப் பார்த்தார். மூலைக் காலில் மஞ்சளையும் மாவிலையையும் கண்டு ஏதோ கேட்டார். கிராணியார் இங்கிலீஷில் சுருக்கமாகச் சொன்னார். துரை சிரித்தார்.

பிறகு அவர் வேலிக்கு வெளியே பார்த்தார். அங்கே மூலைக்கு மிக அருகில், ஓர் ஆள் உயரத்துக்குக் கருங்கல் பாறை ஒன்று நின்றது. துரை அதன்மேல் ஏறினார். அங்கிருந்து பார்த்தால் வேலிக்கால் அவர் முழங்கால் அளவுக்குத்தான் வந்தது. உள்ளேயிருந்து ஒருவன் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தால் குனிந்து வாங்கிக்கொள்ளலாம். துரை இறங்கி, கைக்குட்டையால் கையைத் துடைத்தார். மூலைக் காலைப் பிடுங்கி உள்ளே தள்ளி நடச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கிராணியார் மட்டும் நின்றார். நாளைக்கே கால் மாற வேண்டும் என்றார். இருளாண்டி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். மகள், கல்யாண நாள், தம்புசாமி, அணைந்த விளக்கு. கிராணியார் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தெரியும்," என்றார். "எங்கட ஊரில கன்னிக்கால் எண்டு சொல்லுறது."

பிறகு காலின் அடியைப் பார்த்தார்.

"குழிக்குள்ள என்ன போட்டனீ?"

"டின் பாலுங்க. தானியம். வேலாயி அரிசி போட்டா."

"எவ்வளவு?"

"ரெண்டு கை இருக்கும், ஐயா."

கிராணியார் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் பால் வாளிக்குள் சோற்றுப் பொட்டலம் வைத்திருந்தவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது இருவருக்கும் தெரியும். அவன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்று அவன் மனைவி இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தாள். சோறு பசிக்கு என்றாவது சொல்லலாம். வேலிக்கு அடியில் புதைத்த அரிசிக்கு என்ன சொல்வது? பந்தக்கால், நவதானியம் என்று கிராணியார் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லலாம். கேட்பவர் நம்பலாம். நம்பாமலும் போகலாம்.

"புடுங்கேக்க போலீஸ் சார்ஜன் பக்கத்தில நிப்பான்," என்றார் மெதுவாக.

இருளாண்டி காலைப் பார்த்தான். அதைப் பிடுங்கினால் கல்யாணம் நிற்கும். பிடுங்கும்போது அரிசி வந்தால் அவனே இருக்க மாட்டான். அப்போதும் கல்யாணம் நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. அவன் வேலிக்கு வெளியே பார்த்தான்.

"கால மாத்தச் சொன்னது அந்தப் பாறைக்காகத்தானுங்களே?"

"ஓம்."

"பாறை இல்லாட்டி?"

கிராணியார் பாறையைப் பார்த்தார். அதன் ஒரு பக்கம் பாசி பிடித்திருந்தது. உச்சியில் காக்கை எச்சம்.

"அது இண்டைக்கு நேற்று வந்த கல் இல்லை, இருளாண்டி."

"இல்லதானுங்க."

கிராணியார் ஆபீசுக்குப் போனார். போலீஸ் துரையோடு டெலிபோனில் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. பாறையை உடைத்தால் கால் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம், வியாழக்கிழமை வரை தவணை என்று கங்காணி வந்து சொன்னான். புகைக்கொட்டகை விறகில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

பாறையைச் சுட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிளக்கும். வேலி ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஊரில் கிணறு வெட்டும்போது பார்த்தவர்கள், கேள்விப்பட்டவர்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க எரித்தும் பாறை பிளக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதும் சீறியது, ஆவி எழுந்தது, பாசி கருகியது. அவ்வளவுதான். கேட்டில் காவல் நின்றவர்கள் அவித்த கல்லுக்கு உப்புப் போட்டீர்களா என்று கேட்டார்கள்.

புதன்கிழமை இருளாண்டி விறகோடு ஒட்டுப்பாலையும் போட்டான். கழிவு ரப்பர் பிடித்துக்கொண்டால் எளிதில் அணையாது. கரும்புகை எழுந்து புகைக்கொட்டகைக்கு மேலே போனது. கொஞ்ச நேரத்தில் சாலையிலிருந்து ஒரு லாரி சீறிக்கொண்டு வந்தது. துப்பாக்கியோடு ஆட்கள் குதித்தார்கள். கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் கண்டது, குடத்தோடு வரிசையாக நின்ற பெண்களை.

"சுடுறதுன்னா சுடுங்க," என்றாள் குஞ்சம்மா. "கல்லச் சுடுங்க. எங்களுக்கு வேல கொறையும்."

பெண்களோடு மீனம்மாவும் குடம் சுமந்தாள். கல்யாணப் பெண் வெயிலில் நிற்கக் கூடாது என்று வேலாயி திட்டினாள். மீனம்மா கேட்கவில்லை. குடத்தைக் கொடுத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் நின்றாள். வெப்பத்தில் இருவர் முகமும் சிவந்திருந்தது.

இந்தப் பாறை இப்படியே இருந்தால் என்றைக்காவது யாராவது அதன்மேல் ஏறியிருப்பார்களா என்று இருளாண்டி யோசித்தான். ஏறியிருக்கலாம். பழைய லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த ஒருவன் போன வருடம் காணாமல் போனான். அவன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவன் தாய் இந்த மேட்டில்தான் இருந்தாள். இன்று அவளும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். இருளாண்டி அதை அவள் கையிலிருந்து வாங்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் குடத்துக்கா அதற்கடுத்த குடத்துக்கா என்று தெரியவில்லை, பாறை பிளந்தது. சத்தம் பெரிதாக இல்லை. முற்றிய விறகு பிளப்பது போல ஒரு சத்தம். ஆனால் காலுக்குக் கீழே நிலம் உதறியது. உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடு விழுந்திருந்தது. ஆட்கள் கத்திக்கொண்டு கடப்பாரையோடு ஓடினார்கள்.

இருளாண்டி ஓடவில்லை. அவன் திரும்பி மூலைக் காலைப் பார்த்தான். வேலாயியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. வெளியே நின்ற பாறையும் குழிக்கு அடியில் இருந்த பாறையும் ஒன்று என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அவன் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினான். கால் நிமிர்ந்தது. தோளை எடுத்தான். திரும்பவும் சாய்ந்தது. அவன் தோளைக் கொடுத்தபடியே நின்றான். வேலாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். மற்றவர்கள் பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து, பாறையிலிருந்து சிதறிய சில்லுகளை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் காலுக்கும் குழிக்கும் நடுவே சொருகினாள். சில்லுகள் இன்னும் சுட்டன.

அன்று சாயங்காலம் அவன் கிராணியாரின் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்று, தண்ணீர்த் தொட்டி கட்டிய மீதி சிமெண்ட் ஸ்டோரில் இருக்கிறதா என்று கேட்டான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஸ்டோர்ச் சாவியோடு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை காலையில் இருளாண்டி குழியின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிமெண்டைக் குழைத்து, குழியின் வாய் மூடும்வரை ஊற்றினான். அரிசி, தானியம், டின் பால், சில்லு எல்லாம் அதற்குக் கீழே போயின. மேல்பரப்பைக் கரண்டியால் இழைத்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அன்று வயிறு நிறையச் சாப்பிட்டான்.

போலீஸ் துரை வந்தார். பாறை இருந்த இடத்தில் கல்குவியல் கிடந்தது. மூலைக் காலை ஒரு கையால் அசைத்தார். பிறகு இரண்டு கையாலும் அசைத்தார். கிராணியாரிடம் ஏதோ சொன்னார்.

"உன்ர கால்தான் திறம் எண்டு சொல்லுறார்," என்றார் கிராணியார். "மற்ற மூலையளுக்கும் இப்பிடிச் சிமெண்ட் ஊத்தட்டாம்."

சொல்லிவிட்டு அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் முள்கம்பி இழுத்துக் கட்டி முடிந்தது. கம்பி பந்தக்காலையும் சுற்றிக்கொண்டு போனது. கம்பி இழுத்தவர்கள் மாவிலையை அறுக்காமல் அதற்கு மேலும் கீழுமாகக் கட்டினார்கள். பந்தலின் மற்றக் கால்களைப் பாறையில் நட வழியில்லை. மண் நிரப்பிய மண்ணெண்ணெய்த் தகரங்களில் அவற்றை நிறுத்தினார்கள். காற்றடித்தால் பந்தல் தகரங்களோடு ஆடியது. ஈசானி மூலை மட்டும் ஆடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டில் இறங்கி, வரிசையாகப் பெயர் கொடுத்து உள்ளே வந்தார்கள். வரிசைத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்தார்கள். தம்புசாமி முகம் சுருங்கியே வந்தார். வீட்டுக்குள் போகாமல் நேரே பந்தக்காலுக்குப் போனார். கம்பியைப் பார்த்தார். மாவிலையைப் பார்த்தார். கையை வைத்து ஒருமுறை தள்ளினார்.

"நல்லா ஊனியிருக்கீங்க, சம்பந்தி," என்றார் தம்புசாமி.

மதியத்துக்கு முன்பே தாலி ஏறியது. ஊரடங்குக்கு முன்னால் போய்ச்சேர வேண்டும் என்று சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளை வீட்டார் லாரியில் ஏறினார்கள். மீனம்மா லாரியிலிருந்து கையை ஆட்டினாள். கேட்டை மூடினார்கள்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். அன்றுதான் பந்தல் பிரிக்கும் நாள். ஓலையை இறக்கினார்கள். தகரக் கால்களைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்தன. மண்ணை வாசலிலேயே கொட்டினார்கள். அந்த மண்ணில் கத்திரிக்காய் போடலாம் என்று குஞ்சம்மா சொன்னாள்.

பந்தக்காலைக் கடைசியில் எடுக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவள் மஞ்சள் தண்ணீர் ஊற்ற, பெற்றவன் பிடுங்கி, ஓடும் தண்ணீரில் விட வேண்டும். அது நிற்கும்வரை அந்த வீடு கல்யாண வீடுதான். மீன் வாங்கக் கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மறுவீடு வந்த பொண்ணு மாப்பிள்ளை திரும்பிப் புறப்படக் கூடாது.

மீனம்மாவும் அவள் புருஷனும் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட் மூடிவிடும். கோலா சுங்கை பாரு பஸ் அதற்கு முன்னால் போய்விடும்.

வேலாயி செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். காலின் அடியில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சிமெண்டின் மேல் மஞ்சளாகத் தேங்கி நின்றது.

இருளாண்டி கடப்பாரையைத் தேடிப் போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ரப்பர் இலைகள் வாடி, கம்பி முள்ளில் சிக்கியிருந்தன. அவன் ஒன்றை எடுத்துப் போட்டான். கேட் பக்கம் காவல்காரன் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலாயி காலிச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் முடிஞ்சிருச்சு," என்றாள். "இதப் புடுங்கணுமே. யார்கிட்டங்க கேக்கிறது?"